ஹாரன் சத்தமும் ஹெட்லைட்டும்: காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடத்தைத் தேடி

நடுவட்டத்தில் மேகம் இறங்கிவிட்டால் கூடலூர்–ஊட்டி சாலையில் டிரைவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்கள். எதிரே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடிக்கும். சத்தம் பாறையில் மோதி, பள்ளத்தில் உருண்டு, சோலைக்குள் புகுந்து வருவதால் வண்டி மேல் வளைவில் வருகிறதா, அடுத்த திருப்பத்திலேயே நிற்கிறதா என்று சொல்ல முடியாது. மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்ததும் டிரைவர் "அதோ வந்துட்டான்" என்று பஸ்ஸை ஓரம் கட்டுவார். வண்டி இருக்கிறது என்பதற்குச் சத்தம் சாட்சி. எங்கே இருக்கிறது என்பதற்கு வெளிச்சம்தான் சாட்சி.

நான் கூடலூரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காஸ்மிக் கதிர் பற்றிப் பேசிய ஒரு நாள், நாடுகாணிப் பக்கத்திலிருந்து, கேரள எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அது என்ன துகள்னு சொல்லிட்டீங்க, எவ்வளவு ஆற்றல்னு சொல்லிட்டீங்க. எங்க இருந்து வருதுன்னு மட்டும் சொல்லலையே?"

"அதைத்தான் நூறு வருஷத்துக்கு மேல தேடிட்டு இருக்காங்கம்மா" என்றேன். அந்த ஒரு வரியோடு விட்டுவிட மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி தொடங்கியது 1912-இல். ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ், கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடு பலூனில் ஏறினார். அந்த ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது பறந்தார். சூரியனை நிலா மறைத்தபோதும் கதிர்வீச்சு குறையவில்லை. அப்படியானால் மூலம் சூரியன் இல்லை. ஆகஸ்ட் 7 அன்று 5,350 மீட்டர் உயரம் போனார். அங்கே கதிர்வீச்சு தரையில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது. மண்ணிலிருந்து கிளம்புவதாக இருந்தால் மேலே போகப் போகக் குறைய வேண்டும், கூடியது. வானத்திலிருந்து ஏதோ கொட்டுகிறது என்று உறுதியாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கிருந்து கொட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

கொட்டுவது என்ன என்பது பிறகு தெரிந்தது. பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. மீதியில் பெரும்பகுதி ஹீலியம் கரு; அதைவிடக் கனமான கருக்கள் கொஞ்சம். இவற்றில் ஒன்று காற்று மண்டலத்தின் உச்சியில் ஓர் அணுவை மோதினால் அங்கே புதுத் துகள்கள் பிறக்கும். அவை மேலும் மோதி இன்னும் பலவற்றைப் பிறப்பிக்கும். ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, ஆற்றல் மிகுந்ததாக இருந்தால் கோடிகளாகி, மழை போல் தரையை நனைக்கும். இதற்குத் துகள் பொழிவு என்று பெயர். உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டுங்கள். ஏறக்குறைய விநாடிக்கு ஒரு மியூயான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. எலக்ட்ரானின் கனத்த உறவினர் அது. ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. கூரையும் கான்கிரீட்டும் அதற்குப் பெரிய தடையே இல்லை.

ஆற்றலின் அளவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒன்றுக்கு 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் சேர்ந்தால் ஒரு டெரா. ஜெனீவாவில் மனிதன் கட்டிய பெரிய முடுக்கி புரோட்டானை 6.8 டெரா வரை முடுக்குகிறது. ஆயிரம் டெரா ஒரு பெட்டா. நம் பால்வெளியில் எங்கோ உள்ள ஏதோ ஒன்று, மின்சார இணைப்பும் பொறியாளரும் இல்லாமல், புரோட்டான்களைப் பெட்டா அளவைத் தாண்டி வீசுகிறது. சுமார் 3 பெட்டாவுக்கு மேல் காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை இன்னும் வேகமாகச் சரியத் தொடங்குகிறது. வரைபடத்தில் மடங்கிய கால் போல் தெரிவதால் இந்த இடத்தை 'முழங்கால்' என்கிறார்கள். நம் பால்வெளியின் முடுக்கிகள் மூச்சு வாங்கும் இடம் அது என்று பலர் கருதுகிறார்கள். அந்த முடுக்கிக்குப் 'பெவட்ரான்' என்று முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது.

தேடல் ஏன் இவ்வளவு கடினம்? புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு. பால்வெளி முழுக்க மெலிதான காந்தப்புலம் பரவியிருக்கிறது. ஒரு பெட்டா ஆற்றலுள்ள புரோட்டான்கூட அதில் சுமார் ஓர் ஒளியாண்டு ஆரத்தில் வளைந்துவிடும். பால்வெளியின் விட்டமோ ஒரு லட்சம் ஒளியாண்டு. ஆயிரக்கணக்கான முறை சுற்றித் திரும்பி நம்மிடம் வரும் புரோட்டான் எந்தத் திசையிலிருந்து வந்து விழுந்தாலும் அதன் சொந்த ஊர் அந்தத் திசையில்தான் என்று சொல்ல முடியாது. மலையில் எதிரொலித்து வரும் ஹாரன் சத்தம் இதுதான்.

ஹெட்லைட் வேண்டும். அதுதான் காமா கதிர். புரோட்டான் பிறந்த இடத்தருகே வாயு மேகம் இருந்தால் அதில் மோதிப் பையான் என்னும் துகள்கள் பிறக்கும். மின்னூட்டம் இல்லாத பையான் உடனே இரண்டு காமா கதிர்களாகச் சிதையும். காமா ஒளிதான், காந்தம் அதை வளைக்காது, நேர்கோட்டில் வரும். அதன் ஆற்றல் தாய்ப் புரோட்டானின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஆகவே ஒரு பெட்டா காமா வந்தால், அதன் பின்னால் பத்துப் பெட்டா புரோட்டான் இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால் இவ்வளவு ஆற்றலுள்ள காமா கதிர் மிக அரிது. செயற்கைக்கோளில் வைக்கும் சின்னக் கருவியில் ஒன்று வந்து விழ எத்தனையோ காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே காற்று மண்டலத்தையே கருவியாக்கினார்கள். காமா கதிரும் காற்றில் மோதிப் பொழிவை உண்டாக்கும். காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் தாண்டும் அந்தத் துகள்கள் நீல நிறத்தில் செரன்கோவ் ஒளியைச் சிந்தும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் கிளம்பும் அந்த ஒளிக்கீற்று, தரையில் ஏறக்குறைய 250 மீட்டர் விட்டத்துக்கு விரிந்து விழும்; நீடிப்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்குதான்.

1952-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரைத், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத் தொட்டிக்குள் சிறு சர்ச்லைட் ஆடியையும் ஒளி உணரும் குழாயையும் வைத்து வானத்தை நோக்கித் திருப்பினார்கள். அந்தக் கருவியில்தான் பொழிவின் செரன்கோவ் ஒளி முதன்முதலாகப் பிடிபட்டது. இந்தத் துறையை நான் நேசிப்பதற்கு அந்தக் குப்பைத் தொட்டி ஒரு காரணம். 1970-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு ஊட்டியிலேயே ஆடிகளை வைத்து, பல்சார்களிலிருந்து, அதாவது வெடித்த விண்மீன்கள் விட்டுச்சென்ற வேகமாய்ச் சுழலும் கருக்களிலிருந்து, காமா வருகிறதா என்று இதே வழியில் தேடியது. ஆனால் முதல் உறுதியான வெற்றிக்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரிசோனாவில் ட்ரெவர் வீக்ஸ் குழு 10 மீட்டர் ஆடியில் 80 மணி நேரத்துக்கு மேல் பார்த்து, நண்டு நெபுலாவிலிருந்து டெரா அளவு காமா வருவதை நிறுவியது. இன்றைய தொலைநோக்கிகளுக்கு அதே வேலைக்கு ஒரு நிமிடம் போதும்.

நண்டு நெபுலா நமக்குத் தெரியாத இடமில்லை. மார்கழி இரவில் கிழக்கே பாருங்கள்: கார்த்திகைக் கூட்டம், அதன் கீழே சிவந்த ரோகிணி, இன்னும் கீழே ரிஷபத்தின் இரண்டு கொம்பு நுனிகள். அதில் ஒரு நுனியின் அருகே 1054-இல் ஒரு விண்மீன் வெடித்தது. அதன் மிச்சம்தான் நண்டு நெபுலா. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடத்தைக் கை காட்டிவிடலாம்.

வெடித்த விண்மீன்கள்தான் காஸ்மிக் கதிரின் பிறப்பிடம் என்ற சந்தேகம் 1934-லேயே வந்துவிட்டது. பாடே, ஸ்விக்கி என்ற வானியலாளர்கள் இருவரும் சொன்னார்கள். கணக்கும் பொருந்தியது: பால்வெளியில் நூறாண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவாக்கள், அதாவது விண்மீன் வெடிப்புகள்; ஒவ்வொன்றின் ஆற்றலிலும் பத்தில் ஒரு பங்கு போனாலே காஸ்மிக் கதிர்களுக்குப் போதும். வெடிப்பின் அதிர்ச்சி அலை முன்னும் பின்னும் அடித்து அடித்துத் துகளை முடுக்கும் விதமும் 1970-களின் இறுதியில் விளங்கியது. 2013-இல் ஃபெர்மி செயற்கைக்கோள், ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் பையான் சிதைவின் தனி அடையாளத்தைக் கண்டது. அங்கே முடுக்கப்படுபவை புரோட்டான்களே என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

அத்தோடு வழக்கு முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் புரோட்டான்கள் பெட்டா அளவை எட்டவில்லை. காசியோபியா-ஏ சுமார் 340 வயதுள்ள இளம் எச்சம். பெவட்ரானாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளது என்று நம்பினார்கள். 2017-இல் மேஜிக் என்ற செரன்கோவ் தொலைநோக்கிகள் பார்த்தபோது அதன் காமா கதிர் 3.5 டெராவைச் சுற்றியே மங்கத் தொடங்கிவிட்டது. பெட்டாவுக்கு எவ்வளவோ தூரம்.

இன்னொரு பெரிய தடையும் உண்டு. காமாவைப் புரோட்டான் மட்டும் பிறப்பிப்பதில்லை. வேகமான எலக்ட்ரான் சாதாரண ஒளித்துகளை மோதினாலும் அது காமாவாக உயரும். ஹெட்லைட் தெரிகிறது, வருவது லாரியா ஜீப்பா என்பது தெரியவில்லை.

இந்தக் கதையில் எங்கள் மலை நுழையும் இடம் இதுதான். ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில், டாடா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்துவது. புல்வெளியில் 8 மீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 400 உணர்விகள். வானத்திலிருந்து பொழிவு இறங்கும்போது எந்தப் பெட்டி முதலில் நனைந்தது, எது அடுத்து என்ற நேர வித்தியாசத்தை வைத்து வந்த திசையைக் கணக்கிடுவார்கள். பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூயான் தொலைநோக்கி. பார்க்க தொலைநோக்கி போலவே இருக்காது. 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712-ஐ அடுக்கி, மேலே சுமார் 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். அந்தக் கான்கிரீட் ஒரு சோதனைச்சாவடி. எலக்ட்ரானும் காமாவும் அங்கேயே நின்றுவிடும். மியூயான் மட்டும் தாண்டிப் போகும். ஒரு நாளில் எண்ணப்படும் மியூயான்கள் சுமார் 400 கோடி.

ஏன் மியூயானை எண்ண வேண்டும்? புரோட்டான் பொழிவில் மின்னூட்டமுள்ள பையான்கள் நிறையப் பிறந்து மியூயானாகச் சிதையும். காமாவின் பொழிவில் பெரும்பாலும் எலக்ட்ரானும் காமாவும்தான். மியூயான் மிகக் குறைவு. ஆகவே பெரிய பொழிவு ஒன்று விழுந்து, கான்கிரீட்டுக்குக் கீழே எதுவும் வரவில்லை என்றால், வந்தது காமா! லட்சக்கணக்கான புரோட்டான்களுக்கு நடுவே ஒரு காமாவைப் பொறுக்கி எடுப்பது வராததை எண்ணித்தான். இந்தத் துறையின் ஆகப்பெரிய சாமர்த்தியம் இது என்பது என் எண்ணம்.

என் அம்மாவின் அண்ணன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த ஊரில் தெருவெல்லாம் தமிழ்தான். சின்ன வயதில் அவர் சொன்னது நினைவிருக்கிறது: "கீழ ரொம்ப ஆழத்துல பம்பாய்க்காரங்க இரும்புக் குழாயா அடுக்கி வெச்சிருப்பாங்க மாப்ளே. எதையோ எதிர்பார்த்து வருஷக் கணக்கா உக்காந்திருப்பாங்க." அந்தப் பம்பாய்க்காரர்கள் டாடா நிறுவனத்தார். ஊட்டியில் உள்ள அதே வகைக் குழாய்கள்தான் அங்கே புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க அடுக்கப்பட்டிருந்தன. அதற்கும் முன்பே, 1965-இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை, மின்னூட்டமில்லாத, எதிலும் எளிதில் மோதாத துகளை, அங்கே பிடித்தார்கள். இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழு. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் அதே காலத்தில் கண்டது. உலகில் முதல் முறை அப்போதுதான். மாமாவைப் போன்றவர்கள் இறங்கி ஏறிய சுரங்கம் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

கிரேப்ஸ் என்ற பெயரை விரித்தால் 'பெட்டா ஆற்றல்களில் காமா கதிர் வானியல்' என்று வரும். அந்தப் பெயரை வைத்தபோது உறுதியான ஒரு பெட்டா காமாவைக்கூட உலகில் யாரும் கண்டதில்லை. 1983-இல் ஜெர்மனியின் கீல் குழு, சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீனிலிருந்து பெட்டா காமா வருவதாக அறிவித்தது. உலகமே பரபரத்தது, பல நாடுகளில் புதுக் கருவிகள் முளைத்தன. ஆனால் அந்தப் பொழிவுகளில் மியூயான் குறையவில்லை என்பது அன்றே உறுத்தியது. பிறகு அமெரிக்காவில் அமைந்த காசா-மியா என்ற பெரிய கருவி அந்தத் திசையில் ஒன்றும் இல்லை என்றது. துறைக்கு அது பெரிய அடி. ஆனாலும் அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இத்தனை கருவிகள் கட்டப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

பதில் 2021-இல் திபெத்தியப் பீடபூமியின் ஓரத்திலிருந்து வந்தது. சீனாவின் சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்தில் லாசோ என்ற ஆய்வகம். ஊட்டியில் நடப்பதே அங்கும் நடக்கிறது, அளவுதான் பிரமாண்டம். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, ஐயாயிரத்துக்கும் மேல் உணர்விகள், மண்ணுக்கடியில் புதைத்த 1,188 மியூயான் உணர்விகள். அது 12 இடங்களிலிருந்து 100 டெராவுக்கு மேற்பட்ட 530-க்கும் அதிகமான காமாக்களைப் பிடித்தது. அவற்றில் ஒன்று 1.4 பெட்டா. வந்தது சிக்னஸ், அதாவது அன்னப்பறவை மண்டலத்தின் திசையிலிருந்து. அதே ஆண்டு நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பெட்டா காமாவும் அறிவிக்கப்பட்டது. பால்வெளியில் பெவட்ரான்கள் இருக்கின்றன என்பது அன்று முதல் ஊகம் இல்லை.

ஆனால் நண்டு நெபுலாவில் அதைச் செய்வது பெரும்பாலும் எலக்ட்ரான்கள். நடுவில் சுழலும் பல்சார் அவற்றை முடுக்குகிறது. புரோட்டானைத் தேடுபவர்களுக்கு அன்னமே முக்கியம். சுமார் 5,000 ஒளியாண்டுத் தொலைவில், பெரிய இளம் விண்மீன்கள் நெருங்கிப் பிறந்து பலத்த காற்றை வீசும் இடம் அது. லாசோ அங்கே ஒரு மாபெரும் காமா குமிழியைக் கண்டு 2024-இல் வெளியிட்டது. வானத்தில் அதன் அகலம் இருபது முழுநிலாக்களுக்கு மேல். அதற்குள்ளிருந்து வந்தவற்றில் 2.5 பெட்டா வரை உண்டு. வாயு அடர்ந்த பக்கம் காமாவும் கூடுகிறது; புரோட்டான் வாயுவை மோதினால் அப்படித்தான் இருக்க வேண்டும். பத்துப் பெட்டாவைத் தாண்டிய புரோட்டான்கள் அங்கே இருக்கின்றன என்பதற்கு இன்றுள்ள வலுவான சாட்சி இது. சூப்பர்நோவா ஒன்று தனியாகச் செய்ய முடியாததை விண்மீன் கூட்டம் சேர்ந்து செய்கிறதோ என்ற பக்கமே நானும் சாய்கிறேன். இன்னொரு போட்டியாளரும் வந்திருக்கிறது: கருந்துளை பக்கத்து விண்மீனை விழுங்கிப் பீய்ச்சும் தாரைகள். எஸ்எஸ் 433, வி4641 சஜிட்டாரி போன்றவற்றில் உயர் ஆற்றல் காமா தெரிந்திருக்கிறது.

லாரியா ஜீப்பா என்ற கேள்வியைத் தீர்க்கக் கடைசிச் சாட்சி நியூட்ரினோ. எலக்ட்ரான் வழியில் நியூட்ரினோ பிறக்காது. புரோட்டான் மோதினால்தான் பிறக்கும். 2017 செப்டம்பர் 22 அன்று தென் துருவப் பனிக்கடியில் உள்ள ஐஸ்கியூப் ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. அது வந்த திசையில், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை காமாவில் கொழுந்துவிட்டுக்கொண்டிருந்தது. 2023-இல் நம் பால்வெளித் தளத்திலிருந்தே நியூட்ரினோக்கள் வருவதையும் ஐஸ்கியூப் கண்டது. கோலாரில் தொடங்கிய வேலை பனிக்கட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மிக உச்ச ஆற்றலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 2021 மே மாதம் அமெரிக்காவின் யூட்டாவில் விழுந்த ஒற்றைத் துகளின் ஆற்றல் 2 லட்சத்து 40 ஆயிரம் பெட்டா. அவ்வளவு ஆற்றலுக்குக் காந்தம் அதிகம் வளைக்காது. ஆனால் அது வந்த திசையில் பார்த்தால் விண்மீன் மண்டலங்களே இல்லாத வெற்றிடம். அர்ஜென்டினாவில் நீலகிரி மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பில், 3,000 சதுர கிலோமீட்டரில், பியர் ஓஜே ஆய்வகம் இத்தகைய துகள்களுக்காகக் காத்திருக்கிறது. இவை நம் பால்வெளிக்கு வெளியே பிறந்தவை என்று 2017-இல் அது காட்டியது.

ஊட்டிக்குத் திரும்புகிறேன். 2014 டிசம்பர் 1 அன்று மலைக்கு மேல் இடி இடித்தபோது மியூயான் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்ததை வைத்து, அந்த மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். இடிமேகம் ஒன்றை யாரும் அதுவரை அப்படி எடை போட்டதில்லை. 2024-இல் வெளியான முடிவு நம் கேள்விக்கு நெருக்கமானது. 166 டெரா அருகே புரோட்டான்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சரிகிறது என்று கிரேப்ஸ்-3 கண்டது. ஒரே வகை முடுக்கி முழங்கால் வரை எல்லாவற்றையும் தருகிறது என்றால் அந்தக் கோடு ஒரே சாய்வில் இறங்கியிருக்க வேண்டும். நடுவில் வளைவு இருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட வகை முடுக்கிகள் இருக்கக்கூடும். லடாக்கின் ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட மேஸ் என்ற 21 மீட்டர் செரன்கோவ் தொலைநோக்கியும் இப்போது இந்தத் தேடலில் இருக்கிறது.

மேஸ் போன்ற தொலைநோக்கிக்குத் தெளிந்த வானமும் நிலவில்லா இரவும் வேண்டும். ஊட்டியில் உள்ளதற்கும் லாசோவுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பகலிலும் மழையிலும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆடி மாத நள்ளிரவில் அன்னம் நம் தலைக்கு மேல் சற்று வடக்கே தள்ளி நிற்கும். கூடலூரில் அப்போது தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருக்கும், ஒரு விண்மீனும் தெரியாது. "அப்ப எந்தப் பக்கம் சார்?" என்று அந்த மாணவி கேட்டபோது, வகுப்பறைக் கூரையில் அந்த இடத்தைத்தான் கை காட்டினேன்.